சால்டரிங் அயர்ன் வாங்கப் போகிறீர்களா?

பெரம்பூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு ரயில் பெட்டித் தொழிற்சாலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிரதமர் நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப். தொழிற்சாலை அது. அங்கே உலோகத் தகடுகளை வெல்டிங் செய்து பெட்டிகளை உருவாக்குகிறார்கள். உங்கள் வீட்டு மேசையில் சிறிய ரேடியோ ஒன்றைச் செய்யும்போது நீங்களும் உலோகத்தை உலோகத்தோடு இணைக்கிறீர்கள். இரண்டும் ஒரே வேலைதானா?

இல்லை. வெல்டிங்கில் இணைக்கப்படும் எஃகே உருகி ஒன்றாகிறது. அதற்கு ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை வேண்டும். சால்டரிங்கில் செம்புக் கம்பி உருகுவதே இல்லை. நடுவில் வைக்கும் ஈயக்கம்பி மட்டும் உருகிப் பரவி, ஆறியதும் இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. இந்த ஈயத்துக்குப் பற்றாசு என்பது பழைய பெயர். ஆகவே சால்டரிங் அயர்னைப் பற்றாசுக்கோல் என்று சொல்லலாம்.

நாம் வாங்கும் ஈயக்கம்பி பெரும்பாலும் 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த உலோகக் கலவை. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். காரீயம் 327 டிகிரியில் உருகும். இரண்டும் கலந்தாலோ 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கி, 190 டிகிரிக்குள் முழுவதும் நீர்மமாகிவிடும். கலவை, தன் இரு உறுப்புகளையும்விடச் சீக்கிரம் உருகுவது வியப்பாக இல்லையா?

எத்தனை வாட்?

கடையில் 10, 25, 35, 60, 100 வாட் என்று பல கோல்கள் இருக்கும். விலை அவ்வளவாக வேறுபடாவிட்டால், "பெரியதையே வாங்கிவிடலாமே" என்று தோன்றும். அங்கேதான் தவறு நேர்கிறது.

வாட் என்பது வெப்பநிலையைக் குறிப்பதல்ல. ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றல் வருகிறது என்பதைக் குறிக்கிறது. 25 வாட் கோலில் நொடிக்கு 25 ஜூல் வெப்பம் உண்டாகிறது. கோல் சும்மா இருக்கும்போது இந்த வெப்பம் முழுவதும் காற்றில் கலக்கிறது. வரவும் செலவும் சமமாகும்வரை முனையின் சூடு ஏறிக்கொண்டே போகும். 25 வாட் கோலிலேயே அது 300 டிகிரியைத் தாண்டிவிடும். 60 வாட் கோலின் முனை மென்மையான சர்க்யூட் போர்டில் பட்டால் செம்புத் தடம் உரிந்து வரும், டிரான்சிஸ்டரும் கெட்டுப்போகலாம்.

அப்படியானால் 10 வாட் பாதுகாப்பானதா? அதுவும் இல்லை! முனை போர்டைத் தொட்டதும் அதன் சூட்டைச் செம்பு இழுத்துக்கொள்கிறது. இழந்ததை ஈடுகட்ட 10 வாட் போதாது. ஈயம் உருகும்வரை அரை நிமிடம் பிடித்துக்கொண்டே இருப்பீர்கள். அதற்குள் வெப்பம் கம்பி வழியே ஊர்ந்து, உறுப்பின் உள்ளே போய்விடும். நல்ல இணைப்பு 2 அல்லது 3 நொடிகளில் முடிய வேண்டும். சாதாரண ரேடியோ, எல்.இ.டி. வேலைகளுக்கு 25 வாட் போதும். வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் கருவிகள் நல்லவைதாம். ஆனால் தொடக்கத்திலேயே அவ்வளவு செலவு தேவையில்லை. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கோலே போதும்.

கடையில் சோதிப்பது எப்படி?

அண்ணா சாலைக்கு அருகே உள்ள ரிச்சி தெருவுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பிளக்கைப் பாருங்கள். மூன்று பின் உள்ளதையே கேளுங்கள். கோலுக்குள் நிக்ரோம் கம்பி, மைக்காத் தகட்டின் மேல் சுற்றப்பட்டிருக்கும். மைக்கா உடைந்தால் 230 வோல்ட் மின்சாரம் வெளிக்குழாய்க்கு வந்துவிடலாம். எர்த் கம்பி இருந்தால்தான் அது உங்கள் உடல் வழியே போகாமல் தரைக்குப் போகும்.

இனி மல்ட்டிமீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கோலை மின்சாரத்தில் இணைக்காமலே மூன்று அளவுகள் எடுக்க வேண்டும்.

1. எர்த் பின்னுக்கும் முனைக்கும் இடையே மின்தடை ஏறக்குறைய சுழியாக இருக்க வேண்டும்.

2. மற்ற இரு பின்களுக்கும் முனைக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது.

3. அந்த இரு பின்களுக்கிடையே உள்ள மின்தடையை அளந்து பாருங்கள். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். 230 × 230 ÷ 25 = 2,116 ஓம். நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டினால் அதிகம் மாறுவதில்லை. எனவே மீட்டரும் ஏறக்குறைய இதையே காட்ட வேண்டும். 900 ஓம் காட்டினால், மேலே 25 என்று அச்சிட்டிருந்தாலும் அது 60 வாட் கோல்தான்!

கடைசியாக முனையைக் கவனியுங்கள். வெறும் செம்பு முனையை உருகிய வெள்ளீயம் சிறிது சிறிதாகக் கரைத்துவிடும். குழி விழுந்தால் அரம் போட்டுச் சரிசெய்யலாம். இரும்பு முலாம் பூசிய முனை நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அதன்மேல் அரம் பட்டால் முலாம் போய்விடும். ஈரப் பஞ்சில் துடைத்தால் போதும்.

மறக்காதீர்கள்

வாளிக்கு ஈயம் வைப்பவர்கள் பயன்படுத்தும் ஆசிட் ரேடியோ வேலைக்கு ஆகாது; அது கம்பியை அரித்துவிடும். நடுவில் ரோசின் உள்ள ஈயக்கம்பியே ஏற்றது. எழும் புகை ரோசினின் புகை. அது மூச்சுக்குழலை உறுத்தும். ஆகவே ஜன்னலருகே அமர்ந்து வேலை செய்யுங்கள். காரீயம் விரல் வழியே வாய்க்குப் போனால் நஞ்சு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னக் கூடாது. முதல் சில நாட்கள் பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

இதோ ஒரு கணக்கு: 35 வாட் கோலின் மின்தடை எவ்வளவு இருக்க வேண்டும்? விடையை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்!