மசில் காருக்கு எந்த விசிறி?

ஆகஸ்டு மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரிலிருந்து வடக்கே செல்லும் வுட்வர்டு அவென்யூ என்னும் அகன்ற சாலையில் ஆயிரக்கணக்கான பழைய கார்கள் வரிசையாக ஊர்ந்து செல்கின்றன. 1995-ஆம் ஆண்டு தொடங்கிய கார்த் திருவிழா இது. அவற்றுள் பல, பாய்ந்து ஓடுவதற்கென்றே 1960-களில் செய்யப்பட்டவை. ஆனால் இன்று அவற்றுக்கு வாய்த்தது நடைவேகம்தான். இத்தகைய ஊர்வலங்களில் எங்கேனும் ஒரு கார் ஓரமாக நிற்பதையும், அதன் திறந்த மூடிக்குக் கீழிருந்து நீராவி சீறி எழுவதையும், உரிமையாளர் செய்வதறியாது நிற்பதையும் காணலாம்.

நெடுஞ்சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடியபோது கொதிக்காத எஞ்சின், ஆமை வேகத்தில் ஊரும்போது ஏன் கொதிக்கிறது? இதற்கு விடை கண்டால், பழைய காரைப் புதுப்பிப்போர் ஒவ்வொருவரும் எதிர்கொள்ளும் ஒரு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். ‘எந்த விசிறியைப் பொருத்துவது?’ என்பதே அக்கேள்வி.

சிறிய உடல், பெரிய இதயம்

‘மசில் கார்’ என்றால் தசைவலிமை மிக்க கார் என்று பொருள். நடுத்தர அளவுள்ள ஒரு காரில் பெரிய காருக்குரிய எஞ்சினைப் பொருத்துவதே இதன் தத்துவம். 1964-இல் வெளிவந்த பான்டியாக் ஜி.டி.ஓ. இவ்வழியைப் பரப்பியது. அதில் 389 கன அங்குல, அதாவது ஏறத்தாழ 6.4 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. 1970-ஆம் ஆண்டின் செவ்ரோலே செவெல் காரில் 454 கன அங்குல எஞ்சின் ஒன்று பொருத்தப்பட்டது. அதன் திறன் 450 குதிரைத் திறன் என அக்கால முறைப்படி மதிப்பிடப்பட்டது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள், ஏறிய காப்பீட்டுக் கட்டணம், 1973-இன் எண்ணெய் நெருக்கடி ஆகியவை இவ்வகைக் கார்களின் காலத்தை முடித்துவைத்தன.

அரை நூற்றாண்டைக் கடந்த இந்த எஞ்சின்கள் இன்று கிடைத்தற்கரியவை. அளவுக்கு மீறிச் சூடேறினால் சிலிண்டர் தலை வளையும், அல்லது விரிசல் காணும். தலைக்கும் பிளாக்குக்கும் இடையேயுள்ள கேஸ்கட் கிழியும். காரோடு பிறந்த பிளாக்கே பிளந்துவிட்டால் அதற்கு ஈடு கிடையாது. எனவே விசிறியைத் தேர்ந்தெடுப்பது சிறு வேலையன்று.

வெப்பம் எவ்வளவு?

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றல் முழுவதும் சக்கரத்தைச் சேர்வதில்லை. தோராயமாக மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. ஏறத்தாழ அதே அளவு குளிர்விக்கும் நீரில் கலக்கிறது. மிஞ்சியதில்தான் வண்டி ஓடவேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும் நிலையை வெற்றோட்டம் என்போம். வெற்றோட்டத்தில் நமது பெரிய எஞ்சின் மணிக்கு மூன்று லிட்டர் பெட்ரோல் குடிப்பதாகக் கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. ஆக, மணிக்கு 96 மெகாஜூல். அதாவது ஏறக்குறைய 27 கிலோவாட். இதில் மூன்றில் ஒரு பங்கு, 9 கிலோவாட், நீரைச் சேர்கிறது. வெந்நீர் போடும் ஒரு கிலோவாட் மின்சூடேற்றிகள் ஒன்பதை ஒரே தொட்டியில் போட்டதற்கு இது சமம். அதுவும் வண்டி அசையாது நிற்கும்போது!

இந்த வெப்பத்தை அகற்றாவிட்டால் என்ன ஆகும்? 20 லிட்டர் நீரையும் 300 கிலோகிராம் இரும்பையும் ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 220 கிலோஜூல் தேவை. 9 கிலோவாட் வெப்பம் இதனை 24 விநாடியில் தந்துவிடும். 85 டிகிரி செல்சியசிலிருந்து 120 டிகிரிக்கு ஏற, சுமார் 14 நிமிடங்களே போதும். ரேடியேட்டரின் மூடி நீரைச் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் அடைத்துவைத்திருந்தால், அந்த நீர் கொதிப்பதும் ஏறத்தாழ 120 டிகிரியில்தான். கிளைக்கால் கலந்த நீர் இன்னும் சற்றுத் தாங்கும். ஓரளவு வெப்பம் தானாகவே வெளியேறும் என்பது உண்மையே. ஆனால் நின்று நின்று ஊரும்போது எரிபொருளும் வெப்பமும் கூடும் என்பதையும் மறக்கலாகாது.

காற்றுதான் மருந்து

விசிறி காற்றைக் குளிரச் செய்வதில்லை, நகர்த்துகிறது, அவ்வளவே. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளைத் தொட்டுச் சூடான காற்றை அப்புறப்படுத்தி, புதிய காற்றை உள்ளே இழுப்பதே அதன் பணி.

ஊர்ந்து செல்லும்போது 18 கிலோவாட் வெப்பத்தை அகற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 35 டிகிரியில் நுழையும் காற்று 65 டிகிரியில் வெளியேறினால், ஒரு கனமீட்டர் காற்று சுமார் 34 கிலோஜூல் வெப்பத்தைச் சுமந்து செல்லும். எனவே விநாடிக்கு அரைக் கனமீட்டருக்குச் சற்று மிகுதியான காற்று வேண்டும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் உள்ள அறையின் காற்று முழுவதையும் ஒரு நிமிடத்துக்குள் காலி செய்யும் வேகம் இது.

மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் காரில் எதிர்காற்றே இவ்வேலையைச் செய்துவிடும். விசிறிக்குப் பெரும்பாலும் ஓய்வுதான். வண்டி ஊரும்போது எதிர்காற்று இல்லை. வாகனம் வேகத்துக்கென்று செய்யப்பட்டதாயினும், விசிறியின் சோதனை மெதுவாகச் செல்லும்போதே நிகழ்கிறது.

நான்கு வகை விசிறிகள்

முதல் வகை, நிலையான விசிறி. நீரேற்றும் பம்பின் அச்சில் இது திருகப்பட்டிருக்கும். எஞ்சினின் பெல்ட் இரண்டையும் சேர்த்துச் சுழற்றும். எளிது, மலிவு, பழுது அரிது. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. விசிறி தள்ளும் காற்று அதன் வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது; அது விழுங்கும் திறனோ வேகத்தின் மும்மடிப்படி கூடுகிறது. நிமிடத்துக்கு 700 சுற்றில் 40 வாட் கேட்கும் விசிறி, ஐந்து மடங்கான 3,500 சுற்றில் 125 மடங்கு கேட்கும். அது 5,000 வாட். ஏறத்தாழ 7 குதிரைத் திறன். தேவைப்படும் வெற்றோட்டத்தில் மெதுவாகவும், தேவையற்ற பெருவேகத்தில் வெறிகொண்டும் சுழல்வது இதன் இயல்பு.

இரண்டாம் வகை, நெகிழும் இறக்கைகள் கொண்ட விசிறி. வேகம் கூடும்போது இறக்கைகளின் வளைவு தட்டையாகிக் காற்றை விட்டுக்கொடுக்கும். இதனால் திறன் ஓரளவு மிச்சமாகும். ஆனால் மீண்டும் மீண்டும் வளைந்து நிமிரும் உலோகம் களைத்துப்போகும். விரிசல் விழுந்த இறக்கை முறிந்து பறந்தால் ரேடியேட்டரையும் துளைக்கும், அருகில் நிற்பவரையும் காயப்படுத்தும். ஆகவே பழைய நெகிழ் விசிறியை வாங்கிப் பொருத்துவது அறிவுடைமையன்று.

மூன்றாம் வகை, கிளட்ச் விசிறி. பம்பின் அச்சுக்கும் விசிறிக்கும் நடுவே சிலிக்கோன் எண்ணெய் நிறைந்த ஒரு பெட்டி உண்டு. அதன் முகப்பில் ஓர் ஈருலோகச் சுருள் இருக்கும். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானால் சுருள் திருகி ஒரு சிறு வால்வைத் திறக்கும். பாகுபோன்ற எண்ணெய் வரிப்பள்ளங்களுக்குள் பாய்ந்து, அச்சின் சுழற்சியை விசிறிக்குக் கடத்தும். காற்று குளிர்ந்தால் எண்ணெய் பின்வாங்கும். விசிறி வழுக்கி மெதுவாகும். மின்சாரமே இன்றித் தானாக முடிவு செய்யும் இந்தக் கருவி, 1960-களிலேயே பல கார்களில் பொருத்தப்பட்டு வந்தது.

நான்காம் வகை, மின்விசிறி. இது எஞ்சினின் வேகத்துக்குக் கட்டுப்பட்டதன்று. வண்டி நின்றாலும் முழு வேகத்தில் சுழலும். நெடுஞ்சாலையில் முற்றும் நின்றுவிடும். வெப்ப ஸ்விட்சு ஒன்று அதனை இயக்கும்.

மின்விசிறி இலவசமா?

‘அப்படியானால் மின்விசிறியே சிறந்தது அன்றோ?’ என்று நீங்கள் வினவலாம். பொறுங்கள், இதற்கும் ஒரு கணக்கு உண்டு.

வலிமையான மின்விசிறி ஒன்று 30 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். 13.5 வோல்ட்டில் அது 405 வாட். ஆல்டர்னேட்டர் தான் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 55 விழுக்காட்டையே மின்சாரமாக மாற்றுகிறது. எனவே எஞ்சின் தரவேண்டியது சுமார் 740 வாட். ஒரு குதிரைத் திறன். இது பெரும் சுமையன்று. சிக்கல் வேறிடத்தில் உள்ளது.

அக்காலக் கார்கள் பலவற்றின் ஆல்டர்னேட்டர் 37 முதல் 60 ஆம்பியர் வரையே தரவல்லது. அதுவும் எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான். வெற்றோட்டத்தில் அதில் பாதியும் கிடைக்காது. இரவு நேரம், நெரிசலான சாலை. விளக்குகளுக்கு 12 ஆம்பியர், தீப்பொறிக்கு 5, விசிறிக்கு 30. ஆக 47 ஆம்பியர் தேவை. கிடைப்பதோ 20 என்று வைத்துக்கொள்வோம். மீதி 27 ஆம்பியரும் பாட்டரியிலிருந்து வரவேண்டும். 60 ஆம்பியர்-மணி பாட்டரி இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். அதற்கு முன்னரே மின்னழுத்தம் தாழும், விசிறி தளரும், நீர் சூடேறும். விசிறி மிகவும் தேவைப்படும் வேளையில் அது கைவிட்டுவிடும்.

ஆகவே மின்விசிறி வேண்டுவோர், வெற்றோட்டத்திலும் போதிய மின்னோட்டம் தரும் புதிய ஆல்டர்னேட்டரையும் சேர்த்து வாங்க வேண்டும். மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கமானதைப்போல் பலமடங்கு மின்னோட்டம் இழுக்கும். எனவே தடித்த கம்பியும், ரிலேயும், பியூசும் இன்றியமையாதவை. ஸ்விட்சின் வழியே நேராக இணைத்தால் கம்பி உருகித் தீப்பற்றும் அபாயம் உண்டு. விசிறியை ரேடியேட்டருக்குப் பின்னே வைத்துக் காற்றை இழுக்கச் செய்வதே நல்லது. முன்னே வைத்தால் அதுவே எதிர்காற்றை மறைக்கும்.

விளம்பரங்களில் காணும் காற்றளவைக் குறித்தும் ஓர் எச்சரிக்கை. அது பெரும்பாலும் திறந்த வெளியில் அளந்தது. நெருக்கமான தகடுகளின் ஊடே இழுக்கும்போது அந்த அளவு வெகுவாகக் குறைந்துவிடும்.

மறக்கப்படும் உறை

ரேடியேட்டரின் முகம் 72 செ.மீ. அகலமும் 43 செ.மீ. உயரமும் உள்ளதெனக் கொண்டால் அதன் பரப்பு ஏறத்தாழ 3,100 சதுர செ.மீ. 46 செ.மீ. விட்டமுள்ள விசிறியின் வட்டமோ 1,660 சதுர செ.மீ. மட்டுமே. எஞ்சிய பாதிப் பகுதி காற்றின்றிக் கிடக்கும். போதாக்குறைக்கு, இறக்கை நுனிகளைச் சுற்றிச் சூடான காற்றே திரும்பவும் முன்னே வரும். ‘ஷ்ரவுடு’ எனப்படும் உறை இவ்விரண்டையும் தடுத்து, ரேடியேட்டர் முழுவதன் வழியாகவும் காற்றை இழுக்கச் செய்கிறது.

பெல்ட்டால் சுழலும் விசிறியின் இறக்கைகள், பாதி உறைக்குள்ளும் பாதி வெளியேயும் இருப்பது வழக்கமான அளவு. உறை வண்டியின் உடலோடு பிணைந்தது. எஞ்சினோ ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடுவது. எனவே நுனிக்கும் உறைக்கும் இடையே சுமார் 2 செ.மீ. இடைவெளி வேண்டும். பழைய காரைப் பிரித்துப் பூட்டும்போது இந்த உறையைத் தொலைத்துவிட்டுப் பிறகு விசிறியைக் குறைகூறுவோர் பலர்.

நோயறிந்து மருந்து

விசிறியை வாங்குமுன் வெப்பமானியைக் கவனியுங்கள். ஊரும்போது சூடேறி, வேகமாக ஓடும்போது தணிந்தால் குறை காற்றோட்டத்தில் உள்ளது. விசிறியையும் உறையையும் பாருங்கள். மாறாக, ஊரும்போது சரியாக இருந்து நெடுஞ்சாலையில் சூடேறினால் விசிறி குற்றவாளியன்று. அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்பு, உறிஞ்சும்போது சப்பிப்போகும் கீழ்க் குழாய், தவறிய தீப்பொறி நேரம் ஆகியவற்றுள் ஒன்றுதான் காரணமாக இருக்கும். எவ்வளவு பெரிய விசிறியும் அதனைத் தீர்க்காது.

அப்படியாயின் எதைத் தேர்வது? பழைய அமைப்பைக் காக்க விரும்புவோருக்கும், நெரிசலிலும் வெயிலிலும் ஓட்டுவோருக்கும் கிளட்ச் விசிறியும் சரியான உறையும் நம்பத்தக்க இணை. பம்புக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இடமில்லாத வண்டிக்கும், பெருவேகத்தில் சிறிதளவு திறனும் வீணாகக்கூடாது என்போருக்கும் மின்விசிறி ஏற்றது. ஆனால் ஆல்டர்னேட்டரும் கம்பிகளும் அதற்கு ஈடாக இருத்தல் வேண்டும். குறைந்த செலவில், எளிமையே போதும் என்பவருக்கு உறையோடு கூடிய நிலையான விசிறி போதும்.

இறுதியாக ஒன்று. எஞ்சின் கொதித்துவிட்டால் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். அழுத்தம் நீங்கிய கணமே நீர் முழுவதும் பொங்கிக் கையையும் முகத்தையும் வேகவைத்துவிடும். எஞ்சினை நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டுக்கு அது ஆறும்வரை காத்திருங்கள். ஊர்வலம் அடுத்த ஆண்டும் வரும்.