பரணில் கிடக்கும் ரைஃபிள்: காசு வருமா, கேஸ் வருமா?

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள பழைய மிராசு வீடுகளில் பாகப்பிரிவினை நடந்தால் நிலம், நகை, வெண்கலப் பாத்திரம் எல்லாம் கணக்கில் வந்துவிடும். துப்பாக்கி மட்டும் யார் கணக்கிலும் வராது. லைசென்ஸ் தாத்தா பெயரில். தாத்தா போய்ப் பல வருஷம். ஒருநாள் பேரன் பரணிலிருந்து இறக்கிப் படம் எடுத்து, "என்ன விலைக்குப் போகும்?" என்று வாட்ஸ்அப் குழுவில் போடுகிறான். தனக்கு எதிரான சாட்சியத்தைத் தானே தயாரித்துக் கொடுத்தாயிற்று.

விலை போகும் என்பது நிஜம்தான். தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே நின்றுபோனதால், பழைய இங்கிலீஷ், ஜெர்மன் போல்ட் ரைஃபிள்களுக்கு இங்கே தனிக் கிராக்கி. வால்நட் கட்டை, வெண்ணெயாய் வழுக்கும் போல்ட், குழலிலும் போல்ட்டிலும் ஒரே எண் என்றால் ஆசை வரத்தான் செய்யும். வேட்டைக்கு வாங்கியவை இவை. 1967இல் கோடியக்கரை சரணாலயமானது, 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது. வேட்டை ஓய்ந்தது, துப்பாக்கி வீட்டிலேயே தங்கிவிட்டது.

"புராதனப் பொருளுக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்பார் புரோக்கர். நம்பாதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45வது பிரிவு விலக்குத் தருவது, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான். உங்கள் ரைஃபிளைத் துடைத்து எண்ணெய் போட்டால் சுடும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பின் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

ஆகவே முதல் வேலை ஒப்படைப்பது. விற்பதோ லைசென்ஸ் கேட்பதோ பிறகு. 21வது பிரிவின்படி காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ தாமதமில்லாமல் ஒப்படைக்க வேண்டும். தோளில் போட்டுக்கொண்டு நீங்களே கிளம்ப வேண்டாம். முதலில் ஸ்டேஷனுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மனு இரண்டு பிரதி. தயாரிப்பு, போர் (குழல் விட்டம்), துப்பாக்கி எண், பழைய லைசென்ஸ் எண், இறப்புச் சான்றின் நகல் எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு பிரதியில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். "ஐயா பந்தோபஸ்துல இருக்காரு, நாளைக்கு வாங்க" என்ற பதில் வரும். மறுநாளும் அதே பதில்தான் வரும். அலையாதீர்கள், டி.எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் டெலிவரிச் சான்றுடன் ஸ்பீடு போஸ்ட் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் கும்பகோணம் தாலுகா ஆபீஸில் மாதக்கணக்கில் நிற்பதைப் பார்க்கிறேன். அங்கே கிடைப்பது வாரிசுச் சான்று. லைசென்ஸ் தருவது தஞ்சாவூர் கலெக்டர். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி ஏ-1 படிவம். அதோடு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையில்லாக் கடிதம், மருத்துவச் சான்று, ஒப்படைத்த ரசீது. விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. பரம்பரைச் சொத்து என்றாலும் அதே கணக்குதான். மறுத்தால் வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். 14வது பிரிவின்படி காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; 18வது பிரிவில் மேல்முறையீடு இருக்கிறது.

லைசென்ஸ் வைத்திருக்கும் அப்பா உயிரோடிருந்தால் வேலை இன்னும் சுலபம். அவருக்கு 70 வயதானாலோ, 25 ஆண்டு அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ இப்போதே வாரிசைக் காட்டி லைசென்ஸ் மாற்றக் கோரலாம். யாரும் செய்வதில்லை.

போரைப் பார்த்துக்கொள்ளுங்கள். .315 என்றால் கலெக்டரோடு முடியும். .303 என்றால் அது படைத் தோட்டா ஏற்கும் ரகம். விஷயம் டெல்லியில் உள்துறை அமைச்சகம் வரை போகும்.

விற்பதானால் லைசென்ஸ் உள்ள வியாபாரியிடம் கொடுங்கள். லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர், லைசென்ஸ் உள்ள இன்னொருவருக்கு நேரில் விற்கலாம். அதற்கும் கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுதிக்கொடுத்து 45 நாள் கழிய வேண்டும். புரோக்கர் நீட்டும் அட்வான்ஸைத் தொடாதீர்கள். பளபளப்பாக்குகிறேன் என்று துப்பாக்கி எண்ணை அரம்போட்டுத் தேய்க்காதீர்கள். அது தனிக் குற்றம். விசையை இழுத்துப் பார்க்கவே வேண்டாம், உள்ளே ஒரு தோட்டா கிடக்கலாம். மறுபடியும் சொல்கிறேன்: முதலில் ஒப்படையுங்கள்.

தோட்டா டப்பாவையும் சேர்த்துத்தான். அதை அரசலாற்றில் வீசிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கோடையில் தண்ணீர் வற்றினால் அது பிள்ளைகள் கையில் கிடைக்கும். எத்தனை தோட்டா என்று எண்ணி, அந்த எண்ணிக்கையையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.