இரும்பைப் பறிக்கும் மரபணு

இரண்டு ஆய்வகச் சுண்டெலிகள். வயது, தீனி, கூண்டு எல்லாம் ஒன்றுதான். இரண்டுக்கும் லீஷ்மேனியா டொனோவானி என்ற ஒட்டுண்ணியை ஒரே அளவில் ஊசி வழியே செலுத்துகிறார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், ஒன்றின் கல்லீரலில் ஒட்டுண்ணிகள் மண்டிக் கிடக்கின்றன. மற்றதில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்!

மணல் ஈ கடித்துப் பரவும் கருங்காய்ச்சலின் கிருமி இது. 1903இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் சார்லஸ் டொனோவன் நுண்ணோக்கியில் கண்டதும் இதைத்தான்.

1970களில் ஆய்வாளர் டேவிட் பிராட்லி பல எலி வகைகளைச் சோதித்தார். உடன்பிறந்தவற்றையே 20 தலைமுறைக்குமேல் இணைசேர்த்து உருவாக்கியவை இந்த வகைகள். ஒரே வகையைச் சேர்ந்த எலிகள் மரபணுவில் அச்சு அசலாக இருக்கும். சில வகைகள் கிருமியைத் தாக்குப்பிடித்தன, சில தோற்றன. வகைகளைக் கலந்து வளர்த்தபோது, வாரிசுகளின் கணக்கு ஒரே ஒரு மரபணுவைச் சுட்டியது. அது இருந்த இடம் 1ஆம் குரோமோசோம்.

அடுத்த வியப்பு: சால்மோனெல்லா என்ற கிருமியையும், காசநோய்க் கிருமியின் உறவான பிசிஜியையும் ஆராய்ந்தவர்கள் தேடிய மரபணுக்களும் அதே இடத்தில்தான் இருந்தன. 1993இல் மான்ட்ரியால் ஆய்வாளர்கள் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்து 'என்ராம்ப்1' என்று பெயரிட்டார்கள். 1995இல் அதைச் செயலிழக்கச் செய்தபோது, எலிகள் மூன்று கிருமிகளுக்கும் எதிரான வலிமையை ஒருசேர இழந்தன.

அது என்ன செய்கிறது? நம் உடலின் காவல் செல்களில் ஒன்று பெருவிழுங்கி. கிருமியை விழுங்கி, ஒரு சிறு பைக்குள் அடைத்துவிடும். லீஷ்மேனியாவோ அந்தப் பைக்குள்ளேயே குடித்தனம் நடத்தக்கூடியது. இங்கேதான் என்ராம்ப்1 புரதத்தின் சாமர்த்தியம். பையின் சுவரில் அமர்ந்து, உள்ளிருக்கும் இரும்பையும் மாங்கனீசையும் வெளியே இறைத்துவிடுகிறது. அழையாத விருந்தாளியை அறைக்குள் பூட்டி, அங்கிருந்த அரிசிப் பானையை மட்டும் தூக்கி வந்துவிடுவது போல! இந்த உலோகங்கள் இல்லாமல் கிருமியால் பெருக முடியாது.

தோற்ற எலிகளில் நடந்த பிழை மிகச் சிறியது. இந்தப் புரதம் 548 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் 169ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் அஸ்பார்டிக் அமிலம் வந்துவிட்டது. டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு இது. புரதம் உருப்பெறாமலே அழிந்துவிடுகிறது.

ஆனால் கதை அங்கே முடிவதில்லை. தோற்ற வகைகளிலும் சில, நாளடைவில் தாமாகவே குணமாகின்றன. அந்த மீட்சியை ஆள்பவை வேறு மரபணுக்கள்.

மனிதருக்கும் இந்த மரபணு உண்டு; இருப்பது 2ஆம் குரோமோசோமில். ஆனால் நம்மிடம் பல மரபணுக்களும் ஊட்டமும் சூழலும் சேர்ந்தே நோயைத் தீர்மானிக்கின்றன. கிருமி நுழைவது பாதிக் கதைதான். மீதியை எழுதுவது அது நுழையும் உடல்.