பழைய டிராக்டருக்கு வால்வு தேடுகிறீர்களா? அளவைச் சொல்லிக் கேளுங்கள்

புரட்டாசிப் பட்டம் யாருக்காகவும் காத்திருக்காது. கரிசல் காட்டில் மழை விழுந்து மண் பதமாக இருக்கும் சில நாட்களுக்குள் உழுது விதைத்தாக வேண்டும். அந்த நேரத்தில் வாடகை டிராக்டருக்கு ஊரே வரிசையில் நிற்கும். அதனால்தான், கொட்டகையில் தூசி படிந்து நிற்கும் பழைய வண்டியைச் சரிசெய்து ஓட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். பயிரியல் படித்தவனிடம் கேட்கும் கேள்வியா இது என்று தோன்றலாம். என் சித்தப்பாவின் எச்.எம்.டி. 2511 வண்டிக்கு வால்வு தேடி இரண்டு மாதம் அலைந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

எச்.எம்.டி. நிறுவனம் 1971-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெட்டார் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு பிஞ்சோரில் டிராக்டர் தயாரிக்கத் தொடங்கியது. இரண்டு சிலிண்டர், 25 குதிரைத்திறன் கொண்ட வண்டி இது. 2016-ல் அதன் டிராக்டர் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆலைதான் மூடியது, வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

ஹெட்டைக் கழற்றியபோது ஒரு எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு எரிந்து பிளந்திருந்தது. மற்ற மூன்றும் தேய்மானம். நான்கு கடைகளில் சரக்கு இல்லை. ஐந்தாவது கடையில், 'இது பொருந்தும்' என்று ஒரு செட் கொடுத்தார்கள். எங்கள் மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். பழைய எக்ஸாஸ்ட் வால்வின் தலையில் காந்தம் ஒட்டவில்லை. புதியதில் பட்டென்று ஒட்டியது. செட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தோம்.

காரணம் இதுதான். புகை வெளியேறும் வால்வின் தலை பல நூறு டிகிரி சூட்டில் வேலை செய்கிறது. அதைத் தாங்க, குரோமியம், மாங்கனீசு, நிக்கல் கலந்த, காந்தம் ஒட்டாத எஃகில் அதைச் செய்வது வழக்கம். காற்று உள்ளே வரும் இன்லெட் வால்வுக்கு அந்தச் சூடு இல்லை. காந்தம் ஒட்டும் எஃகே போதும். அந்த எஃகை எக்ஸாஸ்ட்டில் போட்டால் கொஞ்ச நாள் ஓடும். பிறகு விளிம்பு எரியும், அல்லது தலை முறிந்து பிஸ்டன் மேல் விழும். அன்றோடு பிஸ்டன், லைனர், ஹெட் எல்லாம் போயிற்று. சில பழைய என்ஜின்களில் எக்ஸாஸ்ட்டும் காந்தம் ஒட்டும் எஃகாக இருக்கலாம். எனவே கழற்றிய வால்வோடு ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள்.

அடுத்து ஜெட்டாரின் பழைய வழக்கம் கைகொடுத்தது. இரண்டு, மூன்று, நான்கு சிலிண்டர் வண்டிகளுக்குப் பல பாகங்களைப் பொதுவாகவே வடிவமைத்தார்கள். மூன்று சிலிண்டர் மாடலின் பெயரைச் சொன்னதும் இன்லெட் வால்வு கிடைத்தது. எக்ஸாஸ்ட் மட்டும் கிடைக்கவே இல்லை. அதற்கு அளவுகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனோம்.

தண்டின் விட்டம்தான் முதல் அளவு. கைடுக்குள் ஓடும் இடம் தேய்ந்திருக்கும். லாக் காடிக்குச் சற்றுக் கீழே, தேயாத இடத்தில் மைக்ரோமீட்டர் வைக்க வேண்டும். பிறகு மொத்த நீளம், தலையின் விட்டம், சீட்டில் உட்காரும் முகத்தின் கோணம் (45 அல்லது 30 டிகிரி), லாக் காடியின் வடிவம், நுனியிலிருந்து அதன் தூரம். மாஸி, பி-275 போன்ற பிரிட்டிஷ் வழி வண்டிகளில் அளவு அங்குலத்தில் இருக்கும். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. 'எட்டு எம்.எம். தானே' என்று வாங்கினால் கைடில் இறுகிப்போகும்.

வேறொரு டீசல் என்ஜினின் எக்ஸாஸ்ட் வால்வு கிடைத்தது. தண்டும் காடியும் ஒன்று. தலை மட்டும் 2 மி.மீ. பெரிது. "என்னப்பா, பேரச் சொன்னா இல்லங்கான், அளவச் சொன்னா எடுத்துக் குடுக்கான்!" என்றார் சித்தப்பா. பட்டறையில் தலையைக் குறைத்து, முகத்தைப் புதிதாகச் சாணை பிடித்தார்கள். தலையைக் குறைக்கலாம். தண்டைக் குறைக்கச் சம்மதிக்காதீர்கள். மேலே உள்ள குரோம் பூச்சு போய்விடும். நுனியை அதிகம் தேய்த்தாலும் கடினப்படுத்திய பகுதி கரைந்துவிடும். விளிம்பின் தடிமன் ஒரு மி.மீட்டருக்குக் குறைந்தால் அந்த வால்வே வேண்டாம்.

பூட்டும் முன் இரண்டு சோதனைகள். வால்வை ஸ்பிரிங்கோடு மாட்டி, ஹெட்டின் துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். சீட்டில் கசியக் கூடாது. பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைத் தட்டையாக ஒட்டி, ஹெட்டை மாட்டி, டேப்பெட் வைத்து, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கழற்றிப் பார்த்தால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே எவ்வளவு இடம் என்று களிமண் காட்டும். வேற்று வால்வு போடுகிறவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. எங்களுக்கு முதல் முறை இடம் போதவில்லை. சீட்டை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது. அதிகம் இறக்கினால் கம்ப்ரஷன் குறைந்து, காலையில் ஸ்டார்ட் ஆகாது.

பிளாக்கில் விரிசலோ கிராங்க் சேதமோ இருந்தால் இந்த அலைச்சல் வீண், வண்டியை விற்றுவிடலாம். சித்தப்பாவின் வண்டி ஆவணிக் கடைசியில் ஸ்டார்ட் ஆனது. சில மணி நேரம் ஓட்டியபின் ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்கி, டேப்பெட் இடைவெளியைச் சரிபார்த்துத்தான் கலப்பையை மாட்டினோம்.