கல்லைப் பற்றிய பனி

திருப்பனந்தாள் காசிமடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் காசிக்குப் போய், கங்கைக் கரையில் நிறுவிய மடத்தின் வழிவந்தது அது. அந்தக் கங்கை எங்கே தொடங்குகிறது தெரியுமா?

நம் காவிரி குடகு மலையில் பிறந்து மழையை நம்பி ஓடுகிறது. கங்கையின் தலையாறுகளில் ஒன்றான பாகீரதியோ, உத்தரகாண்டில் கங்கோத்ரி பனியாற்றின் நுனியிலிருந்து புறப்படுகிறது. கோமுகம் என்னும் அந்த இடம் கடல்மட்டத்துக்குச் சுமார் 4,000 மீட்டர் மேலே இருக்கிறது. அதற்குப் பின்னால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளத்துக்குப் பனிக்கட்டி!

உயர்ந்த மலையில் ஒரு வருடம் விழுந்த பனி கரைவதற்குள் அடுத்த வருடப் பனி அதன்மேல் விழும். அடியில் உள்ளது அழுந்தி அழுந்திக் கெட்டியான பனிக்கட்டி ஆகிவிடும். பல பத்து மீட்டர் கனம் சேர்ந்ததும், தன் எடை தாங்காமல் அது சரிவில் மெல்ல நகரத் தொடங்கும். அதைத்தான் பனியாறு என்கிறோம். மெதுவாகப் போகும் இந்தப் பனிதான் மலையையே குடைந்து பள்ளத்தாக்கு ஆக்குகிறது.

இங்கே ஒரு கேள்வி வரவேண்டும். பனிக்கட்டியை நகத்தால்கூடக் கீறலாம். அது எப்படிக் கருங்கல்லைத் தேய்க்கும்?

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு கிண்ணத்தில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் ஆற்று மணல் கொஞ்சம் போட்டுத் தண்ணீர். இரண்டையும் குளிர்பதனப் பெட்டியில் உறைய வையுங்கள். பிறகு இரண்டு கட்டிகளையும் ஒரு சோப்பின்மேல் தேயுங்கள். வெறும் பனிக்கட்டி வழுக்கிக்கொண்டு போகும். மணல் இருக்கும் பக்கமோ கோடு கோடாகக் கீறிவிடும்.

மலையிலும் இதுவே நடக்கிறது. பனியாறு தன் அடியில் கற்களைப் பற்றிக்கொண்டு நகர்கிறது. மேலே உள்ள பனியின் எடை அந்தக் கற்களைப் பாறையோடு வைத்து அழுத்துகிறது. பெரிய கல் பள்ளமாகக் கோடு கிழிக்கும், நுண்துகள் பாறையை மெருகேற்றும்.

அந்தக் கற்கள் எங்கிருந்து வந்தன? சில, பக்கத்து மலைகளிலிருந்து உருண்டு விழுந்தவை. மற்றவற்றைப் பனியாறே பறித்தது. அடியில் கசியும் நீர் பாறை வெடிப்புக்குள் புகுந்து உறையும். தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும் அல்லவா? வெடிப்பு அகலும், பாறைத் துண்டு தளரும். நகரும் பனி அதைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். இப்படிப் பறித்த கல், அடுத்த பாறையைத் தேய்க்கும்.

தேய்ந்த பாறை மாவாகிறது. கோமுகத்தில் பாகீரதி கலங்கிச் சாம்பல் நிறமாகப் பாய்வதற்கு அந்தப் பாறை மாவும் காரணம்.

பள்ளத்தாக்கின் வடிவத்தைப் பார்த்தாலும் யார் வெட்டினார்கள் என்று சொல்லிவிடலாம். ஆறு தன் படுகையை மட்டும் கீழ்நோக்கி அறுக்கும். அதனால் மலையாற்றுப் பள்ளத்தாக்கு மேலே அகன்று அடியில் ஒடுங்கியிருக்கும். பனியாறு பள்ளத்தாக்கு முழுவதையும் அடைத்துக்கொண்டு நகர்வதால் அடியையும் இரு பக்கச் சுவர்களையும் சேர்த்தே தேய்க்கும். நம் ‘ப’ எழுத்தைப் போல அகன்ற தரையும் செங்குத்துச் சுவர்களும் உண்டாகும்.

கோமுகத்துக்குச் சற்றுக் கீழே போஜ்பாசாவில் பள்ளத்தாக்கு அப்படி அகன்று கிடக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கங்கோத்ரி பனியாறு, இன்றைய நுனியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் கீழே, ஜாலா என்னும் ஊர்வரை நீண்டிருந்தது. அது பின்வாங்கிய பிறகு பாகீரதி அதே தரையை அறுக்கத் தொடங்கியது. பைரோன்காட்டி பக்கம் ஆறு ஆழமான குறுகிய இடுக்கில் பாய்வதைக் காணலாம்.

இந்தப் பனியாற்றின் நுனியை 1935இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ஆடன் அளந்து வரைபடமாக்கினார். அதன்பின் வந்தவர்களும் அளக்கிறார்கள். புவி வெப்பமாவதால் பனியாறு தொடர்ந்து சுருங்குகிறது. அது விலகும்போது, இதுவரை மனிதர் கண்ணில் படாத பாறைத்தரை வெளியே வருகிறது. அதிலுள்ள கீறல்களின் திசையைப் பார்த்து, பனி எந்தப் பக்கமாக நகர்ந்தது என்று அறியலாம். அளப்பதற்கும் படிப்பதற்கும் அங்கே இன்னும் நிறைய இருக்கிறது. நெல்வயல் சூழ்ந்த ஊரில் வளரும் பிள்ளைகளும் அந்த வேலைக்குப் போகலாம். சோப்பில் விழுந்த கோடுகளை நன்றாகப் பாருங்கள், முதல் பாடம் அதில் இருக்கிறது.