அணிவகுப்பில் ஆடும் பணப்பை
குடியரசு தின வாத்தியக் குழுக்களும் ஸ்காட்லாந்து உடையும்

புது தில்லி: ஜனவரி பிறந்துவிட்டால் தலைநகரின் பனிமூட்டத்தினூடே வாத்திய ஒலி கேட்கத் தொடங்கிவிடும். 26-ம் தேதி குடியரசு தின அணிவகுப்பு. 29-ம் தேதி மாலை விஜய் சௌக்கில் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சி. இவற்றையொட்டி, பாதுகாப்பு அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் இணைந்து தேசியப் பள்ளி வாத்தியக் குழுப் போட்டியை நடத்துகின்றன. பித்தளை வாத்தியம், பைப் வாத்தியம் என இரு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் தனித்தனிப் போட்டி.

பைப் வாத்தியம் என்பது 'பேக்பைப்' எனப்படும் தோற்பை ஊதுகுழல். அதை வாசிக்கும் பள்ளி அணிகள் பலவற்றின் சீருடை, ஸ்காட்லாந்தின் மலைநாட்டு உடையைப் பின்பற்றியது. மடிப்பு மடிப்பாக முழங்கால்வரை விழும் கட்டம் போட்ட 'கில்ட்', அதன் முன்புறம் தொங்கும் ஒரு பை. சில அணிகளில் அது சிறிய தோல் பை. சிலவற்றில் கோயில் சாமரத்தைப் போல நீண்டு தொங்கும் வெண்ணிற மயிர்க்கற்றை. நடைக்கேற்ப அது இடமும் வலமும் ஆடும்போது பார்வையாளர் கண்கள் அதன்மீதே பதிகின்றன. இந்தப் பையின் பெயர் 'ஸ்போரன்'. ஆங்கிலேயர் கால அடையாளங்களில் எவற்றைக் களைவது என்ற விவாதம் நடந்துவரும் இக்காலத்தில், இந்தச் சிறு பையின் கதை அறியத்தக்கது.

பை இல்லாத உடைக்கு ஒரு பை

ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'ஸ்போரன்' என்றால் பணப்பை என்றே பொருள். வேட்டியைப் போலவே கில்ட்டுக்கும் பை கிடையாது. நம்மவர்கள் மடியிலும் சுருக்குப்பையிலும் காசை முடிந்து வைத்ததுபோல், மலைநாட்டவர் இடுப்பில் தோல் பையைத் தொங்கவிட்டனர். தேவைக்காகத் தோன்றிய பை, காலப்போக்கில் அலங்காரமாகவும் தகுதியின் அடையாளமாகவும் மாறியது.

இன்று அதை அணிவதற்கென வரையறைகள் உள்ளன. பகல் நேரத்துக்குச் சாதாரணத் தோல் பை. மாலை விருந்துக்கும் திருமணத்துக்கும் முகப்பில் மென்மயிர்த் தோல் போர்த்தி, மேல்விளிம்பில் வெள்ளி நிற உலோக வளைவும் முன்புறம் குஞ்சங்களும் கொண்ட அலங்காரப் பை. இரண்டுக்கும் இடைப்பட்டது, மயிர்த் தோல் முகப்பும் தோல் மூடியும் உடையது. ராணுவ வாத்தியக் குழுக்களுக்கு நீண்ட குதிரைமயிர்ப் பை. பையின் உலோக நிறம் இடைவார்க் கொக்கியின் நிறத்தோடும் சட்டைப் பொத்தான்களின் நிறத்தோடும் ஒத்திருக்க வேண்டும். சங்கிலி இணைந்த வார் இடுப்பைச் சுற்றிச் சென்று பின்புறம் பூட்டப்படும். பை நடுவில், இடைவாருக்குச் சில விரற்கடை கீழே நிற்க வேண்டும். மிகத் தாழ்ந்தால் நடையில் தொடையைத் தட்டும். மிக உயர்ந்தால் வயிற்றில் ஒட்டியதுபோல் தெரியும். பறை அடிப்பவர்களும் நடனமாடுபவர்களும் அதை இடுப்பின் பக்கவாட்டுக்குத் தள்ளிக்கொள்வதும் வழக்கம்.

எந்த விலங்கின் தோல் என்பதும் இன்று சட்டப் பிரச்னை. கடல்நாய்த் தோல் பைகள் ஒரு காலத்தில் பெரிதும் விரும்பப்பட்டன. வணிகத்துக்காக வேட்டையாடப்படும் கடல்நாய்களின் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் தடை விதித்தது. நீர்நாய் போன்ற பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் தோலால் செய்த பைகளுக்கு உரிமம் தேவைப்படும் விதிகள் ஸ்காட்லாந்திலேயே 2007-ல் வந்தன. இந்தியாவிலும் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய தோல் வணிகத்துக்கு இடம் தருவதில்லை.

தடை செய்யப்பட்ட உடை

கில்ட்டை வெற்றியாளரின் உடை என்று எண்ணுவோர் உண்டு. வரலாறு வேறு. பிரிட்டிஷ் முடியாட்சிக்கு எதிராக ஸ்காட்லாந்து மலைநாட்டில் மூண்ட கிளர்ச்சி 1746-ல் கலோடன் போரில் நசுக்கப்பட்டது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், ஸ்காட்லாந்தில் ஆண்கள் மலைநாட்டு உடை அணிவதைக் குற்றமாக்கியது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை பிடிபட்டால் கடல் கடந்து நாடு கடத்தல். விதிவிலக்கு ஒன்றுதான்: மன்னரின் படையில் சேர்ந்தவர்கள் அதை அணியலாம். தோற்ற மக்களின் உடை இவ்வாறு பேரரசின் சீருடையாயிற்று. 1782 ஜூலை 1-ல்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது.

அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், 1781 ஜூலை 1-ல், சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் படையும் மோதின. கூட்டின் தரப்பில் 73-வது மலைநாட்டுப் படைப்பிரிவு நின்றது. போர்க்களத்தில் அதன் பைப் வாத்தியக்காரர் காட்டிய துணிவைக் கண்டு மகிழ்ந்த கூட், வெள்ளி வாத்தியம் வாங்க 50 பவுன் அளித்தார் என்பது அந்தப் படைப்பிரிவின் மரபுச் செய்தி. சொந்த நாட்டில் தடை செய்யப்பட்ட உடைக்குரிய மக்கள், அந்நிய மண்ணில் ஒரு பேரரசுக்காகப் போரிட்டுப் பாராட்டுப் பெற்றனர்.

லக்னௌவின் நினைவு இன்னும் கசப்பானது. 1857 நவம்பர் 16-ல் சிக்கந்தர் பாக் தோட்டத்தை 93-வது மலைநாட்டுப் படைப்பிரிவினர், பஞ்சாப் காலாட்படையினருடன் சேர்ந்து தாக்கிக் கைப்பற்றினர். உள்ளே இருந்த சுமார் 2,000 இந்தியச் சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். அன்று அங்கே பாய்ந்தவர்கள் கில்ட் அணிந்தவர்கள். அவர்களுடன் நின்று போரிட்ட இந்தியர்களும் இருந்தனர் என்பதையும் வரலாறு மறைப்பதில்லை.

எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

விடுதலைக்குப் பின் இந்தியத் தரைப்படை பைப் வாத்தியத்தைக் கைவிடவில்லை. ஆனால் ஸ்காட்லாந்து உடையை முழுமையாக ஏற்கவும் இல்லை. படைப்பிரிவுகளின் பைப் இசைஞர்களிடம் பொதுவாகக் காணப்படுவது காற்சட்டையும், தோளிலிருந்து தொங்கும் கட்டம் போட்ட துணியும்தான். காற்சட்டைக்குப் பை இருப்பதால் ஸ்போரனுக்கு அங்கு வேலை இல்லை. உத்தரகண்ட் மலைக் கிராமங்களிலோ, ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள் வழியே பரவிய இவ்வாத்தியம் 'மஷக்பீன்' என்ற பெயரில் கல்யாண ஊர்வலங்களில் ஒலிக்கிறது. அங்கே கில்ட்டும் இல்லை, பணப்பையும் இல்லை. இசை மட்டும் ஊருக்குச் சொந்தமாகிவிட்டது.

அண்மை ஆண்டுகளில் இந்தக் கேள்வி அரசின் முடிவுகளிலும் எதிரொலித்தது. பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் நீண்டகாலம் இடம்பெற்றதும், காந்தியடிகளுக்கு விருப்பமானதுமான 'அபைட் வித் மீ' என்ற கிறிஸ்தவப் பாடலின் இசை 2022-ல் நீக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கடற்படைக் கொடியிலிருந்து செயின்ட் ஜார்ஜ் சிலுவை அகற்றப்பட்டது. ராஜபாதை கர்த்தவ்ய பாதையாயிற்று. 2023-ன் தொடக்கத்தில், விருந்துகளில் பைப் வாசிப்பது உள்ளிட்ட சில பழைய வழக்கங்களைத் தரைப்படை கைவிட்டது. ஆயினும் விஜய் சௌக்கில் பைப் அணிகள் முழங்குவது நிற்கவில்லை. வாத்தியம் பழையது, மெட்டுகள் இந்தியருடையவை.

காலனிய எச்சம் என்று ஒரு சாரார் ஒதுக்குவதும், மரபு என்று மறுசாரார் போற்றுவதும் எளிது. ஸ்போரனின் கதை இரண்டுக்கும் முழுதாக இடங்கொடுப்பதில்லை. அது ஒடுக்கப்பட்ட மக்களின் பையாகப் பிறந்தது. ஒடுக்கிய பேரரசின் அலங்காரமாக இந்தியா வந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பது பாதி வரலாறே.

2025 குடியரசு தின அணிவகுப்பில் குடியரசுத் தலைவரின் மேடைக்கு எதிரே பைப் வாசிக்கும் வாய்ப்பு, ஜார்க்கண்ட் மாநிலம் படம்தாவிலுள்ள கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா மாணவியருக்குக் கிடைத்தது. கல்வியில் பின்தங்கிய வட்டாரங்களின் தலித், பழங்குடி, பிற்பட்ட, சிறுபான்மைச் சமூகப் பெண் குழந்தைகளுக்கும் ஏழைக் குடும்பத்துப் பெண் குழந்தைகளுக்கும் எனத் தொடங்கப்பட்ட உண்டு உறைவிடப் பள்ளிகளில் அதுவும் ஒன்று. பேரரசின் படைகளுக்கு முன்னால் ஒலித்த வாத்தியம், அப்பேரரசு ஏறெடுத்தும் பார்த்திராத வீடுகளின் பெண்கள் கையில் குடியரசின் தலைவருக்கு முன் ஒலித்தது. இதைவிடப் பெரிய மாற்றம் ஒரு வாத்தியத்துக்கு வாய்ப்பது அரிது.

இத்தகைய மாணவியர் இடுப்பில் என்ன அணிய வேண்டும் என்பதைத் தில்லியின் சுற்றறிக்கைகள் முடிவு செய்வதைவிட, அந்தப் பையின் முழு வரலாற்றையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு முடிவை அவர்களிடமே விடுவது முறை. குதிரைமயிர்ப் பையைத் தேர்ந்தாலும் சரி, சந்தாலிச் சேலைக் கரையைத் தேர்ந்தாலும் சரி, அறிந்து செய்த தேர்வாக அது இருக்கும்.