கறுப்புத் தரையும் வெள்ளைச் சுவரும்

உச்சிவெயில் நேரத்தில் தக்கலை பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்ப் பாருங்கள். முற்றத்தில் கண் கூசும். குறுகிய மரப்படியேறி, அரசரின் ஆலோசனை மண்டபமான மந்திரசாலைக்குள் நுழைந்தால் முதலில் எதுவும் புலப்படாது. கண் பழகியதும்தான் தெரியும், பல நிற மைக்கா பதித்த சன்னல்கள் வெயிலை வடிகட்டி உள்ளே விடுவது. வெறுங்காலடியில் கறுப்புத் தரை பளபளக்கும். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தது என்பார்கள். பேச்சு தானாகவே தணிந்துவிடும்.

கறுப்பு மனத்தைச் சோர்வாக்கும் என்று சொல்கிறவர்கள் இந்த அறையில் ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். நிறம் தனியாக வேலை செய்வதில்லை. வெளிச்சத்தோடு சேர்ந்தே செய்கிறது.

எங்கள் நாஞ்சில் நாட்டு ஓட்டு வீடுகளிலும் இதே கணக்குதான். இரண்டு பருவமழைக்கும் பயந்து தாழ்வாரத்தை இறக்கிக் கட்டியதால் உள்ளே இருட்டு. அதனால் சுவருக்குச் சுண்ணாம்பு, அதில் துளி நீலம். ஒற்றைக் கண்ணாடி ஓட்டில் இறங்கும் வெளிச்சத்தை வெள்ளைச் சுவர் அறை முழுக்கப் பரப்பியது.

இப்போதைய கான்கிரீட் வீட்டில் பெரிய சன்னல் இருக்கிறது. நாலு சுவருக்கும் கிளிப்பச்சை அடிக்கிறோம். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பாருங்கள், காய்ச்சல்காரர் மாதிரி இருக்கும். சுவரின் பச்சை முகத்தில் விழுகிறது.

நீலம் அடித்தால் தூக்கம் வரும் என்பதையெல்லாம் அப்படியே நம்பாதீர்கள். 1979இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கடற்படைச் சிறை அறைக்கு இளஞ்சிவப்பு பூசினார்கள், கைதிகள் அடங்குவார்கள் என்று. பிற்காலச் சோதனைகளில் அந்தப் பலன் நிற்கவில்லை. வால்டெஸ், மெஹ்ராபியன் என்ற இருவர் 1994இல் வெளியிட்ட ஆய்வு எனக்குச் சரியாகப் படுகிறது: வெளிர்ந்த நிறம் இதமாக இருக்கிறது, அடர்ந்த நிறம் பரபரப்பைக் கூட்டுகிறது; பச்சையா நீலமா என்பது அதற்கு அடுத்ததுதான்.

ஆகவே ஷேட் கார்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அட்டையில் சாதுவாகத் தெரிவது நாலு சுவரிலும் ஏறினால் அதட்டும். சின்ன டப்பா வாங்கி இரண்டடிச் சதுரம் அடித்து, காலையிலும் மாலையிலும் விளக்குப் போட்ட பிறகும் பாருங்கள்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இன்னொன்று. வயதாக ஆகக் கண்வில்லை மஞ்சளித்து, உள்ளே போகும் ஒளி குறையும். வெள்ளை டைல், வெள்ளைச் சுவர், வெள்ளைப் படி என்றிருந்தால் விளிம்பு தெரியாது. படி ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை அடித்துக்கொடுங்கள்; பாட்டி சுவரைத் தடவாமல் இறங்குவாள்.